மூவெட்டு இருபத்து நாலு: விடையிலிருந்து தொடங்கும் ஒரு சீட்டாட்டம்

மேசையில் நான்கு சீட்டுகள் திறந்து கிடக்கின்றன: 3, 5, 7, 9. ஒவ்வொன்றையும் ஒரே ஒரு தடவை பயன்படுத்தி, கூட்டியோ கழித்தோ பெருக்கியோ வகுத்தோ 24 கொண்டுவர வேண்டும். சுற்றி உட்கார்ந்திருக்கும் பெரியவர்கள் நெற்றியைச் சுருக்கிக்கொண்டு பெருக்கிப் பார்க்கிறார்கள். ஏழு மூன்று இருபத்தொன்று; ஒன்பதிலிருந்து ஐந்து போனால் நாலு; அடடா, 25 ஆகிவிட்டது. ஐந்து ஏழு முப்பத்தைந்து, அதில் ஒன்பது போனால் 26, இன்னும் மூன்று போனால் 23. ஒன்று கூடுகிறது அல்லது ஒன்று குறைகிறது. இதற்குள் பெருக்கலே இன்னும் படிக்காத குட்டி ஒன்று விரல்விட்டு நான்கையும் கூட்டி முடித்துவிட்டது. 3+5+7+9. சரியாக 24.

இருபத்து நாலு என்ற இந்த ஆட்டத்தை நேரில் பார்க்காதவர்கள், வாய்ப்பாடு நன்றாகத் தெரிந்தவர்தான் இதில் ஜெயிப்பார் என்று நினைப்பார்கள். வாய்ப்பாடு வேண்டும்தான். ஆனால் இதில் வேண்டியிருக்கும் திறமை வேறு. பள்ளிக்கூடக் கணக்கில் கேள்வி கையில் இருக்கும், விடையைத் தேடிப் போவோம். இங்கே விடை எல்லோருக்கும் தெரியும், எந்நாளும் அதே 24தான். தேட வேண்டியது கேள்வியை. கணக்கைத் தலைகீழாகப் பிடிக்கும் இந்தப் பழக்கம் படிப்பால் வந்துவிடுவதில்லை. அதனால்தான் பட்டம் வாங்கியவர் திணறுவதும் பத்து வயதுப் பிள்ளை பட்டென்று சொல்வதும் இந்த ஆட்டத்தில் சகஜமாக நடக்கிறது.

விதிகளைச் சொல்லிவிடலாம், ஒரு நிமிடம்கூட ஆகாது. சாதாரண 52 சீட்டுக் கட்டிலிருந்து ராஜா, ராணி, ஜாக்கி மூன்றையும் எடுத்துவிட்டால் 40 சீட்டு மிஞ்சும். ஏஸ் என்றால் 1. கலைத்து, நான்கு சீட்டை எடுத்து எல்லோரும் பார்க்கும்படி நடுவில் போட வேண்டும். யாருக்கு 24 தெரிகிறதோ அவர் மேசையைத் தட்டிவிட்டு வழியைச் சொல்ல வேண்டும். சரியாக இருந்தால் நான்கு சீட்டும் அவருக்கு. தப்பாகச் சொன்னால் ஏற்கெனவே ஜெயித்ததிலிருந்து ஒன்றைத் திருப்பித் தர வேண்டும். யாருக்கும் வரவில்லை என்றால், எல்லோரும் ஒத்துக்கொண்ட பிறகு அந்த நான்கையும் கட்டின் அடியில் செருகிவிட்டு அடுத்த நான்கு. எழுதிப் பார்ப்பதா மனக்கணக்கா என்பதை அந்தந்த வீட்டார் முடிவு செய்துகொள்ளலாம். காகிதம் இல்லாமல் ஆடுவதுதான் எனக்குப் பிடிக்கும். சீட்டாட்டத்துக்குப் பேனா வந்துவிட்டால் அது தேர்வு மாதிரி ஆகிவிடுகிறது.

சீட்டில் எண்களைக் கூட்டி ஆடுவது புதிதல்ல. 17ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தில் உருவான கிரிபேஜில் சீட்டுகளின் கூட்டுத்தொகை 15 வந்தால் இரண்டு புள்ளி. மாறி மாறிச் சீட்டைப் போட்டு 31 வரை எண்ணிக்கொண்டு போவார்கள். இத்தாலியின் ஸ்கோபாவும் 40 சீட்டு ஆட்டம்தான். கையில் இருக்கும் ஏழைப் போட்டு, மேசையில் கிடக்கும் மூன்றையும் நாலையும் சேர்த்து அள்ளிக்கொள்ளலாம். ஆனால் இவை இரண்டுமே கூட்டலோடு நின்றுவிடும். நான்கு செயல்களையும் அவிழ்த்துவிட்டது இருபத்து நாலுதான். 1960களிலேயே ஷாங்காயில் சாதாரணச் சீட்டுக் கட்டை வைத்து இதை ஆடியிருக்கிறார்கள். சீனாவிலிருந்து அமெரிக்காவில் குடியேறிய ராபர்ட் சன் 1988இல் இதைத் தனி அட்டைகளாக அச்சிட்டு விற்பனைக்குக் கொண்டுவந்தார். அவருடைய அட்டை ஒவ்வொன்றிலும் நான்கு எண்கள் சேர்ந்தே இருக்கும், விடை உண்டு என்பது உறுதி, எவ்வளவு கடினம் என்பதை மூலையில் உள்ள ஒன்று, இரண்டு, மூன்று புள்ளிகள் சொல்லிவிடும். பள்ளிகளுக்கு அது வசதி. வீட்டில் ஆட எனக்கென்னவோ சாதாரணக் கட்டுதான் மேல். விடை இருக்கிறதா இல்லையா என்றே தெரியாமல் தேடுவதில் ஒரு தனி அவஸ்தை இருக்கிறது, அது இல்லாவிட்டால் பாதி ருசி போய்விடும்.

சரி, ஏன் 24? ஏன் 20 இல்லை, 25 இல்லை?

24ஐ மீதியில்லாமல் வகுக்கும் எண்கள் எட்டு: 1, 2, 3, 4, 6, 8, 12, 24. எட்டு வகுத்திகள் கொண்ட எண்களில் மிகச் சிறியது இதுதான். பக்கத்து வீட்டுக்காரர்களைப் பாருங்கள்: 23 பகா எண், ஒன்றும் தன்னையும் தவிர வேறு எதுவும் அதை வகுக்காது. 25க்கு 1, 5, 25 என்று மூன்றே மூன்று. 24க்கோ மூவெட்டு, நாலாறு, ஈர்பன்னிரண்டு என்று வாசல்கள் நிறைய. எந்தச் சீட்டு வந்தாலும் ஏதோ ஒரு வாசல் அருகில் இருக்கும்.

அதைவிட நுட்பமான இன்னொரு காரணமும் உண்டு. 1 முதல் 10 வரையுள்ள எண்களின் சராசரி ஐந்தரை. நான்கு சீட்டைச் சும்மா கூட்டினால் சராசரியாக 22 வரும். ஆக, 24 என்பது வெறும் கூட்டலுக்கு எட்டும் தூரத்தில் இருக்கிறது, பெருக்கலுக்கும் வளைந்து கொடுக்கிறது. 100 போன்ற பெரிய இலக்கு வைத்தால் பெருக்கல் மட்டுமே உதவும். 5 போன்ற சின்ன இலக்கு வைத்தால் கழித்துக் கழித்தே வந்துவிடும், சுவாரசியம் இருக்காது. முதலில் சொன்ன கையில் (நடுவில் விழும் நான்கு சீட்டுகளைத்தான் கை என்கிறேன்) பெரியவர்கள் ஏமாந்தது இதனால்தான். பெருக்கலையே தேடிக்கொண்டிருந்தவர்களுக்குக் கூட்டல் கண்ணில் படவில்லை. 2, 5, 8, 9 வந்தாலும் இதே கதை, 4, 5, 7, 8 வந்தாலும் இதே கதை. முதல் மூச்சில் நான்கையும் கூட்டிப் பார்த்துவிடுவது நல்லது. பெரும்பாலும் வராது. வரும்போது மற்றவர்களின் முகத்தைப் பார்க்க வேண்டும்.

அப்புறம்தான் உண்மையான தேடல். புதிதாக ஆடுபவர் கையில் கிடைக்கும் இரண்டு எண்களை இணைத்துப் பார்ப்பார், அதோடு மூன்றாவதை, அதோடு நாலாவதை. எங்கே போகிறோம் என்று தெரியாமல் நடப்பது போல. பழகியவர் மறுமுனையிலிருந்து வருவார். ஒரு 6 கிடக்கிறதா? மீதி மூன்றில் 4 பண்ண முடியுமா என்று பார்ப்பார். 5, 6, 7, 8 வந்தால், ஆறை ஒதுக்கிவிட்டு 5, 7, 8இல் நாலைத் தேடுவார்: ஐந்தும் ஏழும் பன்னிரண்டு, எட்டு போனால் நாலு, நாலாறு இருபத்து நாலு. முடிந்தது. ஒரு எட்டு கிடந்தால் மீதியில் மூன்று; மூன்று கிடந்தால் மீதியில் எட்டு. நான்கு சீட்டுப் பிரச்சினை மூன்று சீட்டுப் பிரச்சினையாகச் சுருங்கிவிடுகிறது என்பதுதான் இதில் உள்ள லாபம்.

ஆனால் இந்த வழி ஒரு பொறியும்கூட. 3, 5, 8, 9 வந்தால் மூன்றும் எட்டும் பக்கத்தில் பக்கத்தில் கண்ணைச் சிமிட்டும். மூவெட்டு இருபத்து நாலு என்று மனசு பாட ஆரம்பித்துவிடும். மீதி ஐந்தையும் ஒன்பதையும் வைத்து ஒன்று பண்ண வேண்டும், அல்லது ஒன்றுமில்லாமல் பண்ண வேண்டும், இரண்டும் நடக்காது. ஒன்பதிலிருந்து ஐந்து போனால் நாலு, அந்த நாலை எங்கே வைத்தாலும் இடிக்கும். இந்தக் கையில் ஜெயிப்பவர் மூவெட்டை மறக்கத் தெரிந்தவர். எட்டில் ஐந்து போனால் மூன்று, மூன்று ஒன்பது இருபத்தேழு, மூன்று போனால் 24. (8−5)×9−3. பெருக்கி 24க்கு மேலே போய், அப்புறம் கழித்து இறங்குவது. 27இல் 3, 30இல் 6, 32இல் 8, 28இல் 4, இப்படி இறங்கு படிகள் சில மனசில் இருந்தால் நிறையக் கைகள் திறக்கும். 2, 7, 8, 9 அப்படித்தான்: ஏழும் ஒன்பதும் பதினாறு, இரட்டித்தால் 32, எட்டு போனால் சரி. வகுத்து இறங்குவதும் உண்டு. 6, 7, 8, 9இல் ஆறெட்டு நாற்பத்தெட்டு, ஒன்பதுக்கும் ஏழுக்கும் உள்ள வித்தியாசம் இரண்டு, 48ஐ இரண்டால் வகுத்தால் போதும்.

இந்த ஆட்டத்தில் நம்மைப் படுத்துவது எது என்று கவனித்தால், 24 வராமல் போவதைவிட மூன்று சீட்டிலேயே 24 வந்து நாலாவது சீட்டு உபரியாக நிற்பதுதான். பிரிட்டனில் சேனல் 4இல் 1982 முதல் ஒளிபரப்பாகும் கவுண்டவுன் நிகழ்ச்சியில் ஆறு எண்களை வைத்து மூன்றிலக்க எண் ஒன்றைக் கொண்டுவரச் சொல்வார்கள். அங்கே வேண்டாத எண்ணை அப்படியே விட்டுவிடலாம். இருபத்து நாலில் அந்தச் சலுகை கிடையாது. நான்கும் வந்தாக வேண்டும். உபரிச் சீட்டை என்ன செய்வது?

அது 1 என்றால் கவலையில்லை, ஒன்றால் பெருக்கிவிடலாம். உபரியாக இரண்டு ஒரே எண் நின்றாலும் கவலையில்லை. 3, 8, 9, 9 வந்தால் மூவெட்டு 24, ஒன்பதைக் கூட்டி ஒன்பதைக் கழித்தால் ஆயிற்று. சிக்கல் மற்ற இடங்களில். 2, 2, 6, 9 என்ற கையைப் பாருங்கள். இரண்டு ஒன்பது பதினெட்டு, ஆறு கூட்டினால் 24. ஆனால் இன்னொரு 2 வாசலில் நிற்கிறது. கூட்டவும் முடியாது, கழிக்கவும் முடியாது. இப்போது ஒரு சின்னத் தந்திரம். 2×9+6 என்பதில் ஏற்கெனவே ஒரு 2 பெருக்குகிறது. ஆறை முதலில் உபரி இரண்டால் வகுத்துவிட்டு, ஒன்பதோடு சேர்த்து, மொத்தத்தையும் இரண்டால் பெருக்கினால் ஆறு பழையபடி ஆறாகத் திரும்பிவிடும்: 2×(9+6÷2). மூன்றும் ஒன்பதும் பன்னிரண்டு, இரட்டித்தால் 24. வகுத்ததைப் பெருக்கல் வந்து சரிக்கட்டிவிட்டது.

அதாவது, மூன்று சீட்டில் ஒரு பெருக்கல், ஒரு கூட்டலோ கழித்தலோ என்று 24 வந்து, உபரியாக நிற்பதும் பெருக்கிய அதே எண்ணாக இருந்தால், கை முடிந்தது என்று தைரியமாக மேசையைத் தட்டலாம். இதைத் தெரிந்துகொண்டால், மிகக் கடினம் என்று பேர் வாங்கிய கைகளின் பூட்டு ஒரே சாவியில் திறக்கிறது. 3, 3, 7, 7: ஏழு மூன்று இருபத்தொன்று, மூன்று கூட்டினால் 24, உபரி ஏழு. ஆக 7×(3+3÷7). 4, 4, 7, 7: ஏழு நாலு இருபத்தெட்டு, நாலு போனால் 24, உபரி ஏழு. ஆக 7×(4−4÷7). 3, 3, 9, 9: 9×(3−3÷9). எல்லாவற்றிலும் பேர்போனது 1, 5, 5, 5: ஐயைந்து இருபத்தைந்து, ஒன்று போனால் 24, உபரி ஐந்து. ஆக 5×(5−1÷5). வெளியே இருந்து பார்ப்பவருக்கு இது மாயம் மாதிரி இருக்கும். உள்ளே நடப்பது, பெருக்கல் கூட்டலின் மேல் பரவும் என்று பள்ளியில் படித்த பங்கீட்டு விதிதான். A, b, c போட்டுக் கரும்பலகையில் எழுதியபோது அது எதற்கென்றே தெரியாமல் மனப்பாடம் செய்திருப்போம்.

பின்னம் வருவதைப் பார்த்தால் சிலர் இது போங்கு என்பார்கள். கவுண்டவுனில்கூட இடையில் பின்னம் வரக்கூடாது என்பதுதான் விதி. இருபத்து நாலில் பின்னத்தை அனுமதிப்பதுதான் வழக்கம், அனுமதிக்காவிட்டால் மேலே சொன்ன அழகான கைகள் எல்லாம் விடையே இல்லாத செத்த கைகளாகிவிடும். அதோடு, தமிழில் எண்ணுகிறவர்களுக்குப் பின்னம் அப்படியொன்றும் அந்நியமில்லை. 1, 3, 4, 6 வந்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். வழி இது: மூன்றை நாலால் வகு, அதை ஒன்றிலிருந்து கழி, வந்ததால் ஆறை வகு. எழுதிப் பார்த்தால் பயமுறுத்தும். தமிழில் சொல்லிப் பாருங்கள்: ஒன்றில் முக்கால் போனால் கால்; ஆறுக்குள் எத்தனை கால்? இருபத்து நாலு. பின்னத்தால் வகுத்தால் எண் ஏன் பெரிதாகிறது என்று ஐந்தாம் வகுப்பில் குழம்பிய பிள்ளைக்கு இதைவிட எளிதாக விளக்க முடியாது. கால், அரை, முக்கால் என்று தனித்தனிப் பேர் இருப்பதால் அவை பின்னமாகவே தோன்றுவதில்லை, முழுப் பொருளாகவே மனசில் நிற்கின்றன.

3, 3, 8, 8 கை இதற்கு நேர் எதிர். வழி 8÷(3−8÷3). எட்டை மூன்றால் வகுத்தால் இரண்டும் மூன்றில் இரண்டும். மூன்றிலிருந்து அது போனால் மிச்சம் மூன்றில் ஒன்று. எட்டுக்குள் எத்தனை மூன்றில் ஒன்று? இருபத்து நாலு. கட்டமைப்பு முந்தைய கையைப் போலவேதான், ஆனால் பத்து மடங்கு கஷ்டமாகத் தெரிகிறது. கால், அரைக்கால், மாகாணி, மா, காணி, முந்திரி என்று அவ்வளவு பேர் வைத்த பழைய கணக்கில் மூன்றில் ஒன்றுக்கு மட்டும் தனிப் பேர் இல்லை. பேர் இல்லாத ஒன்றை மனசில் பிடித்து வைத்துக்கொண்டு அடுத்த அடி எடுப்பது சிரமம். இது என் ஊகம்தான், ஆனால் பக்கத்தில் ஆடுகிறவர்களைக் கவனித்தவரை பொருந்தித்தான் வருகிறது. இந்தக் கை கணினிகளையும் ஏமாற்றியிருக்கிறது. இந்த ஆட்டத்துக்கு முதன்முதலாக நிரல் எழுதுகிறவர்கள் பலர், விடை 24க்குச் சமமா என்று நேரடியாகச் சோதிப்பார்கள். கணினி மூன்றில் ஒன்றைத் தசமமாக வெட்டி வைத்துக்கொள்வதால் விடை 23.99999 என்று வந்து நிற்கும். 3, 3, 8, 8க்கு விடையே இல்லை என்று அது அடித்துச் சொல்லிவிடும். பின்னங்களைப் பின்னங்களாகவே வைத்துக்கொள்ளச் சொல்லிக்கொடுத்தால் சரியாகிவிடும்.

நிரல் சரியாக இருந்தால், கணினிக்கு இது ஒரு வேலையே இல்லை. நான்கில் இரண்டைத் தேர்ந்தெடுக்க 6 வழி. அந்த இரண்டையும் இணைக்க 6 வழி: கூட்டல், பெருக்கல், இந்தப் பக்கக் கழித்தல், அந்தப் பக்கக் கழித்தல், வகுத்தலிலும் அப்படியே இரண்டு. இப்போது கையில் மூன்று எண். இரண்டைத் தேர்ந்தெடுக்க 3 வழி, இணைக்க 6. கடைசி இரண்டை இணைக்க மறுபடி 6. பெருக்கிப் பார்த்தால் 3,888. அவ்வளவையும் ஒன்று விடாமல் போட்டுப் பார்க்க அதற்குக் கண் இமைக்கும் நேரம்கூட வேண்டாம். மனுசன் அப்படித் தேடுவதில்லை, தேடவும் முடியாது. நம்மால் ஒரே சமயத்தில் மனசில் பிடித்து வைக்க முடிகிறவை சுமார் நான்கு என்று உளவியலாளர் நெல்சன் கோவன் 2001இல் வாதிட்டார். நான்கு சீட்டைப் பிடித்ததுமே கை நிறைந்துவிட்டது. இடைவிடை ஒன்று வந்தால் எதையாவது கீழே போட்டாக வேண்டும். ஆட்டத்தின் நடுவில் "இப்பத்தான் வந்துச்சு, போச்சு" என்று யாராவது அலறுவது நடிப்பு இல்லை.

எல்லாக் கைக்கும் விடை உண்டா என்றால், இல்லை. 1 முதல் 10 வரை நான்கு எண்களை வரிசை பார்க்காமல் எடுத்தால் 715 வகை. அவற்றில் 566க்கு விடை இருக்கிறது, 149க்கு இல்லை. அதாவது ஐந்தில் ஒரு வகை செத்த கை. ஆனால் எல்லா வகையும் ஒரே அளவில் வருவதில்லை. ஒவ்வொரு எண்ணுக்கும் நான்கு சீட்டு இருப்பதால், நான்கும் வெவ்வேறாக உள்ள ஒரு வகை 256 விதமாக வரலாம். நான்கு ஏழு என்பது ஒரே விதமாகத்தான் வரும். 40 சீட்டில் நான்கை எடுக்க 91,390 விதம் இருக்கிறது, அதில் 53,760இல் நான்கும் வேறு வேறு எண்கள். பாதிக்கு மேல். நான்கும் ஒன்றாக வருவது ஆயுளில் ஒன்றிரண்டு தடவை நடக்கலாம். நடந்தால் நினைவில் வையுங்கள், 3, 4, 5, 6 நாலு நாலாக வந்தால் விடை உண்டு, மற்ற ஆறுக்கும் இல்லை. ராஜா, ராணி, ஜாக்கியை 13, 12, 11 என்று சேர்த்துக்கொண்டு 52 சீட்டோடு ஆடுகிறவர்களுக்கு வகைகள் 1,820, விடை உள்ளவை 1,362. நாலில் ஒன்று செத்த கை. ராணி 12 என்பதால் நல்லவள். 11ம் 13ம் பகா எண்கள், எதோடும் ஒட்டாமல் படுத்தும்.

விடை இல்லை என்று சொல்வது எளிது, நிரூபிப்பதுதான் ஆட்டம். வீட்டில் பிள்ளைகளோடு ஆடினால் இதைத் தவறவிடக் கூடாது. 1, 1, 1, 7 வந்தபோது "வராது" என்றால் "ஏன் வராது?" என்று கேட்க வேண்டும். மூன்று ஒன்றை வைத்து அதிகபட்சம் மூன்றுதான் பண்ணலாம். மூன்றை ஏழால் பெருக்கினால் 21. வேறு எப்படிச் சேர்த்தாலும் அதற்குக் கீழேதான். ஆக 24க்கு ஏற வழியே இல்லை. ஒன்றே ஒன்று கூடி, 1, 1, 1, 8 என்றால் சரியாக மூவெட்டு. பத்து வயதுப் பிள்ளை தானாக இந்த இடத்துக்கு வந்து சேர்ந்தால், அது நிரூபணம் என்ற ஒன்றைத் தொட்டுவிட்டது, பேர் தெரியாவிட்டாலும்.

இனி வீட்டு அரசியல். இந்த ஆட்டம் குடும்பத்தோடு ஆடும்போது கெடுவது ஒரே காரணத்தால்: வேகம். மேசையை முதலில் தட்டியவருக்குச் சீட்டு என்ற விதி, ஒரே திறமை உள்ள நாலு பேருக்கு நல்லது. வீட்டில் அப்படி நாலு பேர் இருப்பதில்லை. ஒருவரே ஏழெட்டுக் கையை அள்ளுவார். மற்றவர்கள் யோசிப்பதை நிறுத்திவிடுவார்கள், எப்படியும் அவர் சொல்லிவிடுவாரே. நாங்கள் அந்த விதியை ஒரே வாரத்தில் தூக்கி எறிந்தோம். இப்போது ஒரு நிமிடம் கடிகாரம் ஓடும். கண்டுபிடித்தவர் சத்தம் போடாமல் கட்டைவிரலை மட்டும் உயர்த்த வேண்டும். நிமிடம் முடிந்ததும் விரல் உயர்த்திய எல்லோருக்கும் ஒரு புள்ளி, மற்றவர்களிடமிருந்து வேறுபட்ட வழி வைத்திருப்பவருக்கு இரண்டு. வேகமானவருக்கு மீதி நேரத்தில் இரண்டாவது வழியைத் தேடும் வேலை கிடைத்துவிடுகிறது, மெதுவானவருக்கு நிம்மதி. யார் முதலில் சொல்வது என்றால், எப்போதும் வயதில் சின்னவர்.

இன்னும் சின்னப் பிள்ளைகள் இருந்தால் சீட்டைக் குறைப்பதோடு இலக்கையும் மாற்றுவது நல்லது. மூன்று சீட்டு, இலக்கு 12, கூட்டலும் கழித்தலும் மட்டும்; அப்புறம் பெருக்கல்; வகுத்தல் கடைசியில். நான்கு சீட்டே வேண்டும் என்றால் 7க்கு மேல் உள்ளவற்றை எடுத்து வைத்துவிடலாம். பெரியவர்கள் செய்யக் கூடாத ஒன்று உண்டு: விடை தெரிந்ததும் "இது ரொம்ப ஈசி" என்று சொல்வது. எதிரே உட்கார்ந்து இன்னும் தேடிக்கொண்டிருக்கும் பிள்ளைக்கு அந்த ஒரு வார்த்தை போதும், எழுந்து போய்விடும். தப்பாகச் சொன்னால் சீட்டைத் திருப்பித் தரும் தண்டனையையும் பிள்ளைகளுக்கு நான் வைப்பதில்லை. தப்பான வழியைச் சத்தமாகச் சொல்லிப் பார்க்கும்போதுதான் பல தடவை சரியான வழி வந்திருக்கிறது.

விடை வராத கைகளை நாங்கள் கட்டின் அடியில் செருகிவிட்டு மறந்துவிடுவதில்லை, ஒரு நோட்டில் எழுதி வைக்கிறோம். அதில் பல செத்த கைகள் என்று பிறகு தெரிந்தது. 4, 4, 10, 10 மட்டும் மூன்று நாள் கிடந்தது. எல்லோரும் நாற்பது, ஐம்பதுக்குள்ளேயே சுற்றிக்கொண்டிருந்தோம். இலக்கு 24 என்பதால் அதைத் தாண்டி ரொம்ப தூரம் போகக் கூடாது என்று யாரும் சொல்லாத ஒரு விதியை எல்லோரும் கடைப்பிடித்தோம். மூன்றாம் நாள் வீட்டின் கடைக்குட்டி, இரண்டு பத்தையும் பெருக்கிப் பார்த்தால் என்ன என்று கேட்டது. நூறு. நாலு போனால் தொண்ணூற்றாறு. அதை நாலால் வகுக்க அதற்கு இன்னும் தெரியாது, அந்தக் கடைசி அடியைத்தான் நாங்கள் போட்டோம். புள்ளி அதன் பேரிலேயே எழுதப்பட்டது.